புதுவையில் ஒரு வனவாசம்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கிளியனூர். ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருக்கிளியன்னவூர் இதுவே. இதற்குக் கிழக்கே மரக்காணத்து உப்பளங்களும் கழியும் கடலும் விரிந்து கிடக்கின்றன. சங்க காலத்தில் இந்நிலப்பகுதி ஓய்மானாடு எனப் பெயர் பெற்றிருந்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட நாடு இது. வறுமையால் வாடிய பாணன் ஒருவனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் அந்நூலில் பேசப்படும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே எனக் கருதுவோர் பலர். பாடுவோரை வருக என அழைத்து உணவும் உடையும் பொருளும் தந்து அனுப்பியது இந்நாடு என்பது அந்நூலின் செய்தி.

அத்தகைய நாட்டின் தென்கோடியில், கிளியனூரிலிருந்து ஒரு நாள் நடைக்குள் அடங்கும் தொலைவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கவிஞர் பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். அவரைத் தடுத்து நின்றது சிறைச்சுவர் அன்று, ஓர் எல்லைக்கோடு. கோட்டுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இப்பால் ஆங்கிலேயர் ஆட்சி. இப்பால் ஓர் அடி எடுத்து வைத்தால் கைது. நல்லியக்கோடனை நாடிப் பாணர் நடந்த நாட்டின் வழிகள் எல்லாம் அவருக்கு மூடிய கதவுகளாக இருந்தன. அக்கவிஞர் சுப்பிரமணிய பாரதியார் ஆவார்.

துன்புறுத்தப்பட்டு நாடிழந்த ஒருவர் இறைவனின் நீதியில் நம்பிக்கை வைத்தல் என்பது சமய இலக்கியங்களில் பலகாலும் பேசப்பட்ட பொருள். பாரதியாரின் வாழ்வில் அந்த நம்பிக்கை எவ்வடிவம் கொண்டது, எவ்விடத்தில் தளர்ந்தது, எதைச் செய்வித்தது, எதைச் செய்யவிடவில்லை என்பன எண்ணிப் பார்த்தற்குரியன.

இளமையும் இதழ்ப்பணியும்

பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினோராம் வயதில் எட்டயபுரத்துப் புலவர் அவையில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். 1897இல் செல்லம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டே தந்தையார் மறைந்தார். எட்டயபுரத்தில் பஞ்சாலை நிறுவ முயன்று செல்வமெல்லாம் இழந்த துயரம் தந்தையின் இறுதிக்காலத்தை வாட்டியது. நேர்மையாக முயன்றவர் நலிந்து மடிதலை மகன் கண்முன்னே கண்டார். உலகில் உழைப்புக்கும் பயனுக்கும் இடையே ஒரு நீதி உண்டா என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுதற்குரிய முதற்காரணம் அவர் வீட்டிலேயே இருந்தது.

காசியில் சில ஆண்டுகள் பயின்ற பின் எட்டயபுர அரண்மனைக்கு மீண்டார். 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவ்வாண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன் இதழில் துணையாசிரியராகச் சென்னையில் அமர்ந்தார். 1905இல் வங்கப் பிரிவினையும் அதனை எதிர்த்தெழுந்த சுதேசி இயக்கமும் அவரை முழு அரசியலுக்கு இழுத்தன. 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழ் அவருடைய எழுத்தின் களமாயிற்று. 1907இல் சூரத்துக் காங்கிரசுக்கு வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சென்றார். 1908இன் தொடக்கத்தில் சுதேச கீதங்கள் நூலாக வந்தன.

அவ்வாண்டே அடக்குமுறையும் வந்தது. மார்ச்சில் சிதம்பரனார் கைதானார். சூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் கப்பலோட்டியவர் செக்கிழுக்க நேர்ந்தது. ஆகஸ்டில் 'இந்தியா' இதழின்மேல் அரசத் துரோக வழக்குத் தொடரப்பட்டது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் கைது செய்யப்பட்டு ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். எழுதியவர் பாரதியார் என்பதை அறியாதார் இலர். சிறைக்கோட்டத்தின் கொடுமையை அவர் உடல் தாங்காது, வெளியே இருந்து எழுதுவதே நாட்டுக்குப் பயன் என நண்பர்கள் வற்புறுத்தினர். பாரதியார் புதுவைக்குப் போனார்.

இச்செயலைக் குறை கூறினோர் அன்றும் உண்டு, பின்னும் உண்டு. தாம் எழுதியதற்குப் பிறர் ஒருவர் சிறை சென்றமை எளிதில் துடைத்துவிடத்தக்க செய்தி அன்று. பாரதியாரைத் தெய்வமாக்கி வணங்க விரும்புவோர் இதனை மறைப்பர். ஆயினும், அவர் புதுவையில் கழித்த பத்தாண்டுகளையும் இந்தப் பின்னணியில் வைத்துக் காணும்போதுதான் அவருடைய நம்பிக்கையின் எடை தெரியும். துன்பம் ஏதுமின்றித் தப்பிப் பிழைத்தவரின் நம்பிக்கை அன்று அது. மற்றவரின் துன்பத்துக்கும் கடன்பட்டவரின் நம்பிக்கை அது.

எல்லையும் காவலும்

புதுவையில் முதலில் அவருக்கு இடமளித்தவர் குப்புசாமி ஐயங்கார். பின்னர்க் குவளைக் கண்ணன் முதலான அன்பர்கள் துணை நின்றனர். மண்டயம் குடும்பத்தாரின் முயற்சியால் 'இந்தியா' இதழ் 1908 அக்டோபரில் புதுவையிலிருந்து மீண்டும் வெளிவந்தது. தொடர்ந்து 'விஜயா', 'சூரியோதயம்', 'கர்மயோகி' முதலிய இதழ்களிலும் அவர் எழுத்து இடம்பெற்றது.

ஆனால் புதுவையில் அச்சானது தமிழ்நாட்டில் படிக்கப்பட வேண்டும். படிப்போர் எல்லைக்கு இப்பால் இருந்தனர். ஆங்கில அரசு தன் எல்லைக்குள் இவ்விதழ்கள் நுழையத் தடை விதித்தது. சுங்கக் காவலும் அஞ்சல் காவலும் ஒருங்கே இறுகின. மரக்காணத்து உப்புக்கு வரி வாங்கிய அதே அரசு, புதுவையிலிருந்து வரும் சொல்லுக்குத் தடை போட்டது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. அவ்வாண்டின் அச்சுச் சட்டம் எஞ்சியவற்றையும் நெரித்தது. எழுதுவதற்காகவே புதுவை வந்தவர், எழுதியதை ஊருக்கு அனுப்ப வழியின்றி நின்றார். 1911இல் அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்னும் நூல்களும் தடை செய்யப்பட்டன. முன்னது தம் இளமையைப் பாடிய தன்வரலாற்றுக் கவிதை. பின்னது சாதிக் கொடுமையை எதிர்த்த கதை.

1911 சூன் 17ஆம் நாள் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் புதுவைக்கு வந்து சென்றவர் என்பதால், அங்கிருந்த அரசியல் அகதிகள் அனைவர்மேலும் ஐயம் பாய்ந்தது. 1910இல் புதுவை வந்த அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் பாரதியாரும் ஒற்றர்களின் நிழலிலேயே வாழலாயினர். அவர்கள் குடியிருந்த தெருக்களில் ஒற்றர்களும் குடியேறினர். கடிதங்கள் பிரிக்கப்பட்டன. நண்பர்கள் அனுப்பிய பணமும் தடைப்பட்டது. அயலார் புதுவையில் தங்க வேண்டுமாயின் உள்ளூர்ப் பெருமக்கள் ஐவரின் சான்று வேண்டும் எனச் சட்டம் வந்தபோது, கலவை சங்கரஞ் செட்டியார் முன்னின்று அதனைப் பெற்றுத் தந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் இவர்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடும் யோசனையும் எழுந்தது. அரவிந்தர் அசையாது மறுத்தமையால் அது நிறைவேறவில்லை.

கிணற்றில் கிடைத்த பொய்

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று பாரதியாரின் நம்பிக்கையின் இயல்பைக் காட்டுவது. வ. வே. சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்கும்போது மூடி முத்திரையிட்ட கலம் ஒன்று மேலே வந்தது. உள்ளே அரசுக்கு எதிரான துண்டறிக்கைகளும் படங்களும் இருந்தன. அகதிகளைக் குற்றவாளிகளாக்கி வெளியேற்றும் நோக்குடன் ஒற்றர்கள் இட்ட பொய்ச் சான்று அது என்பது விளங்கியது. எரித்துவிடலாம், புதைத்துவிடலாம், ஊரைவிட்டு ஓடலாம். பாரதியார் சொன்ன வழி வேறு. நாமே எடுத்துச் சென்று பிரெஞ்சுக் காவலரிடம் ஒப்படைப்போம் என்றார். அவ்வாறே செய்தனர்.

ஒற்றன் எதிர்பார்த்தபடி வழக்கு எழுந்தது, சோதனையும் நடந்தது. விசாரணை நீதிபதி அரவிந்தரின் இல்லத்தில் இலத்தீன், கிரேக்க நூல்களைக் கண்டு வியந்து, இத்தகைய கல்விமான்கள் மேல் இக்குற்றம் பொருந்தாது எனத் தெளிந்தார். குற்றம் சாட்டியவனே புதுவையை விட்டு ஓட நேர்ந்தது.

இறைவன் பார்த்துக்கொள்வான் என்று கைகட்டியிருத்தல் வேறு. இறைவனின் நீதியில் நம்பிக்கை உண்டு, ஆகவே மெய்யை மன்றத்தில் கொண்டுபோய் வைப்போம் என்று எழுதல் வேறு. பாரதியாருடையது இரண்டாவது. தம்மீது சுமத்தப்பட்ட பழிகளை மறுத்து 'தி இந்து' நாளேட்டுக்கு அவர் ஆங்கிலத்தில் மடல்கள் எழுதினார். 1914இல் பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்குக் காவல்துறையின் கொடுமைகளை விவரித்து முறையிட்டார். தெய்வ நீதியை நம்பியவர் மண்ணுலக நீதிமன்றத்தின் வாயிலையும் விடாது தட்டினார். இவ்விரண்டும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

வஞ்சினத்தில் முடிந்த காவியம்

அரசியல் எழுத்து அடைபட்ட பின்னரே பாரதியாரின் பெருங்கவிதைகள் பிறந்தன. 1912ஆம் ஆண்டு அவருடைய படைப்பு வாழ்வில் தலையாயது. குயில் பாட்டும் பகவத் கீதையின் தமிழாக்கமும் அக்காலத்தன. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் அவ்வாண்டில் அச்சேறியது. முழுநூல் அச்சாகி வந்ததைக் காண அவர் இருக்கவில்லை. அது 1924இல்தான் வெளிவந்தது.

பாரதக் கதையில் எத்தனையோ பகுதிகள் உண்டு. கண்ணனின் தூதும் உண்டு. குருச்சேத்திரத்து வெற்றியும் உண்டு. நாடிழந்து நின்ற ஒரு கவிஞர், சூதில் நாடிழந்தோர் கதையைத் தேர்ந்தார் என்பது தற்செயல் அன்று. அதனினும் கருதத்தக்கது அவர் காவியத்தை நிறுத்திய இடம். அவையில் இழிவு செய்யப்பட்ட பாஞ்சாலி நீதி கேட்கிறாள். நூலறிந்த பீட்டுமரே பழைய அறம் வேறாக இருந்ததை ஒப்புக்கொண்டும், இன்றைய சாத்திரத்தைக் காட்டித் தம் கையறுநிலையைக் கூறுகிறார். சட்டம் ஒரு பக்கமும் அறம் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கின்றன. கண்ணனின் அருளால் ஆடை வளர்கிறது. வீமனும் விசயனும் வஞ்சினம் உரைக்கின்றனர். இறுதியில் பாஞ்சாலி வஞ்சினம் உரைக்கிறாள். அங்கே காவியம் முடிந்துவிடுகிறது.

வனவாசம் இனித்தான் வரவேண்டும். போரும் வெற்றியும் அதற்கும் பின்னர். அவை ஒன்றையும் பாரதியார் பாடவில்லை. கதையின் முடிவு தமிழர் அனைவரும் அறிந்ததே எனினும், அந்த முடிவைத் தம் காவியத்துக்குள் அவர் கொண்டுவரவில்லை. தீர்ப்பு வந்தபின் நீதியைப் புகழ்தல் எவர்க்கும் எளிது. தீர்ப்பு வருமுன், அவையோர் வாய்மூடியிருக்கும் நேரத்தில், அறம் வெல்லும் என்று உறுதி சொல்லுதலே அரிது. பாஞ்சாலியின் இடத்தில் பாரத தேவியையே அவர் கண்டார் என்பது அறிஞர் பலர் கூறியது. புதுவை அகதியாகிய தம் நிலையையும் அவ்வவையில் அவர் கண்டிருத்தல் கூடும்.

இந்நூலை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார் என்பதும் கவிஞர் உலகம் மறக்கத் தகாதது. இனிப் பிறந்து தமிழுக்கு உயிரும் ஒளியும் சேர்க்கும் காவியங்களை இயற்றப்போகும் கவிஞர்களுக்கும், அவர்களைப் போற்றித் துணைசெய்யப்போகும் புரவலர்களுக்கும் அதனை உரித்தாக்கினார். தமக்கு ஒரு நல்லியக்கோடன் வாய்க்காத நாட்டில், வருங்காலப் பாணர்க்கும் வருங்கால வள்ளல்க்கும் சேர்த்து ஒரு நூலைப் பாரதியார் எழுதிவைத்தார்.

பராசக்தியோடு வழக்கு

பாரதியாரின் இறைநம்பிக்கை அமைதியான அடைக்கலம் மட்டும் அன்று. மணக்குள விநாயகர்மேல் நான்மணிமாலை பாடினார். சக்தியை எண்ணற்ற பாடல்களில் போற்றினார். ஆனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாத நாள்கள் பல. ஈசுவரன் தருமராசா கோவில் தெருவில் அவர் குடியிருந்த வீட்டுக்கு வாடகை பலகாலம் நிலுவையில் நின்றது. வீட்டுக்காரராகிய செட்டியார் வற்புறுத்திக் கேளாமல் பொறுத்தார். செல்லம்மாள் கடனாகப் பெற்றுவந்த அரிசியைக் கணவர் முற்றத்துக் குருவிகளுக்கு வாரியிறைத்த கதை தமிழ்நாடு அறிந்தது. கேட்போர்க்கு அது கவிஞரின் பெருமை. அன்றைய உலைக்கு வழி தேட வேண்டியவர் செல்லம்மாள். வனவாசத்தின் சுமையில் பாதி அவர் தோளில் இருந்தது. காட்டுக்குச் சென்ற பாண்டவரைப் பாடும்போது பாஞ்சாலியும் உடன் நடந்தாள் என்பதை மறத்தல் ஆகாது.

1915ஆம் ஆண்டு பாரதியார் எழுதிய 'சித்தக் கடல்' என்னும் உரைநடைக் குறிப்பு அவர் அகத்தைத் திறந்து காட்டுவது. பிறர் படிக்கவென எழுதாத அப்பக்கங்களில் பராசக்தியை நேர்நின்று பேசுகிறார். கடன் தொல்லையையும் குழந்தையின் காய்ச்சலையும் அவளிடம் முறையிடுகிறார். எப்போதும் உன்னைப் பாடவே விரும்புகிறேன், இவ்வாறே வாட்டினால் நாத்திகனாகிவிட நேரும் என்னும் பொருள்பட அவளை மிரட்டவும் செய்கிறார்.

இதனை நம்பிக்கையின் குறைவு எனக் கொள்ளல் ஆகாது. கண்ணொளி இழந்த சுந்தரர் இறைவனோடு வழக்காடிய மரபு தமிழ்ப் பக்திக்கு உரியது. எதிரே ஒருவர் இருக்கிறார், அவர் நீதியுடையவர் என்னும் துணிவு இருந்தால்தான் வழக்காட முடியும். நீதியே இல்லை என்று முடிவு செய்தவர் எவரிடமும் முறையிடார். அச்சத்தை வெல்லும் உறுதியை வேண்டியவர், பகைவனின் உள்ளத்திலும் இறைவன் உறைவதைக் கண்டு அவனுக்கு அருள்புரியச் சொல்லிப் பாடியவர், தம் வீட்டு அரிசிப் பானைக்காகவும் அதே சக்தியிடம் சண்டையிட்டார். அவர் வேண்டிய நீதியில் பழிவாங்கல் இல்லை. அடுத்த வேளைச் சோறு இருந்தது.

அக்காலத்தே அவர் செய்த மற்றொன்றும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞருக்குப் பூணூல் அணிவித்துக் காயத்திரி ஓதுவித்தார். தமக்கு நீதி மறுக்கப்பட்ட காலத்தில், தம் குலத்தார் பிறர்க்கு மறுத்திருந்த நீதியை அவர் நினைத்தார். தெய்வ நீதியைத் தனக்காக மட்டும் வேண்டுபவன் அதனை முழுதும் நம்பியவன் ஆகான்.

கடலூர்ச் சிறை

1918 நவம்பரில் உலகப் போர் முடிந்தது. பத்தாண்டு வறுமையாலும் தனிமையாலும் சலித்திருந்த பாரதியார் நவம்பர் 20ஆம் நாள் புதுவையை விட்டுப் புறப்பட்டார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டுக் கடலூர்க் கிளைச்சிறையில் அடைக்கப்பட்டார்.

கடலூர் என்பது திருப்பாதிரிப்புலியூர். பல்லவ மன்னன் கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்த நாவுக்கரசர் அக்கல்லே தெப்பமாகக் கரையேறிய தலம் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அக்கதையில் அடியவர் உயிர்பிழைத்தார். வேந்தன் மனம் திருந்தினான். திருவதிகையில் கோயிலும் எழுப்பினான். துன்புறுத்தப்பட்டவர்க்கு வேண்டிய நீதி அனைத்தும் அங்கே கண்முன் நிறைவேறியது. பாரதியாரின் கதையில் வேந்தன் திருந்தவில்லை. பாரதியாரே சென்னை ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதினார். அரசியலைத் துறந்துவிட்டதாகவும் அரசுக்கு அடங்கி நடப்பதாகவும் அதில் உறுதி கூறினார். அன்னி பெசண்ட், சி. பி. இராமசாமி ஐயர் முதலியோர் அவருக்காக முயன்றனர். டிசம்பர் 14ஆம் நாள் நிபந்தனைகளோடு விடுதலையானார். திருநெல்வேலி மாவட்டத்தில், செல்லம்மாளின் ஊராகிய கடையத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலும் தங்கியிருக்க வேண்டியதாயிற்று.

அந்த விண்ணப்பத்தைப் படிக்கும் அன்பர்க்கு நெஞ்சம் குறுகும். அச்சமில்லாமையைப் பாடியவரா இதனை எழுதினார் என்னும் வினா எழும். அவ்வினாவைத் தவிர்த்தல் நேர்மை அன்று. ஆனால் விடையும் உண்டு. நாவுக்கரசர் குடும்பம் உடையவர் அல்லர். பாரதியார்க்கு மனைவியும் மக்களும் இருந்தனர். பத்தாண்டு பசியை அறிந்த உடல் அவருடையது. அவர் விட்டுக்கொடுத்தது தம் அரசியல் உரிமையை. தம் பாடல் ஒன்றையேனும் பொய்யென்று அவர் திரும்பப் பெறவில்லை. தெய்வ நீதியை நம்புவோர் ஒருநாளும் தளரார் என்று எண்ணுவது மனிதரை அறியாதார் கூற்று. தளர்ந்த பின்னும் அந்நம்பிக்கையைப் பிறர்க்குப் பயன்படுமாறு விட்டுச் செல்வதே அதன் வலிமை.

1920இல் தடைகள் நீங்கின. கடையத்திலிருந்து அவ்வாண்டு அவர் ஒரு திட்டம் வெளியிட்டார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் படிகளாக அச்சிட்டுத் தமிழ்நாடெங்கும் எளிய விலையில் பரப்புவது அவர் எண்ணம். அதற்குப் பொருள் வேண்டி அன்பர்களுக்கு அறிக்கை அனுப்பினார். பொருள் வரவில்லை. சென்னைக்கு மீண்டு சுதேசமித்திரனில் மறுபடி அமர்ந்தார். 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளப்பட்டுக் காயமுற்றார். அதிலிருந்து தேறி, சூலை இறுதியில் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில் மனிதர்க்கு மரணமில்லை என்னும் பொருள்பற்றிப் பேசினார். பின்னர் நோயுற்று, செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்து உயிர் துறந்தார். அப்போது முப்பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. இறுதி ஊர்வலத்தில் நடந்தோர் இருபதின்மர்க்கும் குறைவு என்பர்.

தீர்ப்பு வந்த வழி

இவ்விடத்தில் வரலாற்றை முடித்தால் நீதி தோற்றது என்றே சொல்ல வேண்டும். அவரை வதைத்தவர் எவரும் அவர் வாழ்நாளில் வருந்தவில்லை. அவர் பாடிய விடுதலையை அவர் காணவில்லை. நாற்பது நூல்களில் ஒன்றும் அவர் எண்ணியபடி வெளிவரவில்லை.

ஆயினும் கதை தொடர்ந்தது. செல்லம்மாள் தம் துயரத்தை ஒருபுறம் வைத்து, 1922 முதல் பாரதி ஆச்சிரமத்தின் வாயிலாகக் கணவரின் நூல்களைப் பதிப்பித்தார். குருவிகள் தின்ற அரிசிக்கு மாற்று தேடிய கைகளே பாடல்களைச் சிதறாமல் காத்தன. 1928இல் சென்னை அரசு அப்பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. இறந்து ஏழாண்டு கழிந்த கவிஞரை அரசு இன்னும் அஞ்சியது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனைக் கண்டித்து முழங்கினார். தடுக்கப்பட்ட பாடல்கள் முன்னினும் பரவின. எல்லையில் பிடிக்கப்பட்ட இதழ்களை எரித்துவிடலாம். வாய்வழி பரவிய பாட்டைச் சுங்கச் சாவடியில் நிறுத்த முடியாது.

1947இல் நாடு விடுதலை பெற்றது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையை விலைகொடுத்துப் பெற்று அரசுடைமையாக்குவதாக அறிவித்தது. பின்னர் அவை மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்னும் நிலை வந்தது. நாற்பது நூல்களை எளிய விலையில் ஊரெங்கும் பரப்ப வேண்டும் என்று 1920இல் அவர் கண்ட கனவு, அவர் நினைத்தற்கும் மேலாக நிறைவேறியது.

அவ்வறிவிப்பு வெளிவந்தபோது மாகாணத்தின் முதலமைச்சராக வீற்றிருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். திண்டிவனத்தை அடுத்த, கிளியனூருக்கு அண்மையிலுள்ள ஓமந்தூரில் உழவர் குடியில் பிறந்தவர் அவர். பாரதியார் புதுவையில் எல்லைக்கு அப்பால் அடைபட்டிருந்த ஆண்டுகளில், எல்லைக்கு இப்பால் இந்த மண்ணில் வளர்ந்துவந்த இளைஞர். எந்நாட்டின் வழிகள் கவிஞருக்கு மூடப்பட்டிருந்தனவோ, அந்நாட்டில் பிறந்தவரின் ஆட்சியிலேயே அவர் பாட்டுக்கு வழி திறந்தது. பாஞ்சாலி சபதத்தின் காணிக்கையில் பாரதியார் நினைந்த வருங்காலப் புரவலருள் ஒருவர் ஓய்மானாட்டிலிருந்தே வந்தார். நல்லியக்கோடனின் நாடு தன் பழைய கடனைச் சற்றுக் காலந்தாழ்த்தி அடைத்தது எனலாம்.

காலந்தாழ்ந்த நீதி முழுநீதி ஆகுமா என்று கேட்போர்க்கு மறுமொழி கூறுதல் எளிதன்று. பசித்த நாள்களை எந்த அறிவிப்பும் திருப்பித் தாராது. ஐந்தாண்டுத் தண்டனை பெற்ற சீனிவாசனைப் பாடுவார் இன்றும் இலர். ஆனால் ஒன்று தெளிவு. பாரதியார் நம்பிய நீதி வானத்திலிருந்து இடியாக இறங்கவில்லை. கிணற்றில் கிடைத்த பொய்யை மறைக்காமல் மன்றத்தில் வைத்த நண்பர்களின் கைகளாகவும், சான்று பெற்றுத் தந்த செட்டியாராகவும், வாடகை கேளாத வீட்டுக்காரராகவும், ஏடுகளைக் காத்த மனைவியாகவும், சட்டமன்றத்தில் எழுந்து பேசிய உறுப்பினராகவும், கையொப்பமிட்ட அரசாகவும் அது சிறிது சிறிதாக வந்தது. தெய்வம் மனித உருவில் வரும் என்பதற்கு இதனினும் வேறு பொருள் வேண்டுவதில்லை.

தீர்ப்பைக் காணாமலே பாடிவைத்துப் போனவர் பாரதியார். இனிப் பிறக்கும் கவிஞர்களுக்கு அவர் அளித்த காணிக்கை நூல் இன்றைய கவிஞர் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. இக்காலத்தும் நாடிழந்து, ஊரிழந்து, எல்லைக்கோடுகளுக்கு அப்பால் தமிழில் எழுதுவோர் பலர். அவர்க்கு ஐவரின் சான்றைப் பெற்றுத் தருவோரும், அவர் ஏட்டைக் காப்போரும், அவர் பாட்டுக்கு வழி திறப்போரும் வேண்டும். பாடுவோர் கூடும் ஒவ்வோர் அவையும் அதற்குரிய இடமே ஆகும். அவையோர் வாய்மூடாதிருத்தலே பாஞ்சாலி கேட்ட நீதியின் முதற்படி.